‘ஆம்’ என்று அழுத்தியவர் மட்டுமா பொறுப்பு?

இது நீண்ட பதிவு. கணினித் துறையினருக்கு இதிலுள்ள தொழில்நுட்பச் செய்திகள் பழையவையாக இருக்கலாம். மொழியியல் மாணவர்களுக்கு இலக்கணச் செய்திகள் பழையவையாக இருக்கலாம். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மனிதரின் வேலை சிக்கிக்கொண்டதை நேரில் கண்டதால் எழுதுகிறேன்.

தமிழகத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஏவல், வேண்டுகோள் வாக்கியங்கள் தமிழிலும் இந்தியிலும் எவ்வாறு அமைகின்றன என்பது என் ஆய்வுப்பொருள். சில மாதங்களுக்கு முன் எங்கள் விடுதிகளின் இணையத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாங்கள் அவரைப் ‘பையா’ என்றுதான் அழைப்போம். அவர் எங்களை ‘மேடம்’, ‘சார்’ என்பார். அலுவலகம் அவரிடம் எழுத்துப்பூர்வமான விளக்கம் கேட்டிருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். என்ன நடந்தது என்றேன். “நான் ‘ஆம்’ என்று மட்டும்தான் அழுத்தினேன், மேடம்” என்றார்.

நடந்தது இதுதான். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை விடுதிகளின் ஸ்விட்சுகளோடு இணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். புதிய கட்டடத்தில் வைஃபை வேலை செய்யவில்லை. ஒரே கம்பியில் தனித்தனியாகப் பிரிந்து ஓடும் தடங்களை ‘விலேன்’ என்பார்கள். பல தடங்களைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்பு ‘டிரங்க்’. பையா உதவியாளரிடம் இந்தியில் கேட்டிருக்கிறார்: “140-ஆம் விலேன் இந்த டிரங்கில் போகிறதா?” உதவியாளர் ஸ்விட்சைப் பார்த்துவிட்டு, போகவில்லை என்றது, “சேர்த்துவிடுகிறேன், அனுமதிக்கிறீர்களா?” என்று கேட்டது. அன்று மாலை மட்டும் அதுபோன்ற பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு அவர் ‘ஆம்’ சொல்லியிருந்தார். இதற்கும் சொன்னார். உடனே மூன்று விடுதிகளின் இணையம் நின்றுபோயிற்று.

பரவலாகப் புழங்கும் ஒரு ஸ்விட்ச் கட்டளைமொழியில், டிரங்கில் எந்தெந்த விலேன்கள் போகலாம் என்று சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதில் விலேன் எண்ணுக்கு முன் ‘ஆட்’ என்ற சொல் இருந்தால், இருக்கும் பட்டியலோடு புதிய எண் சேரும். அந்தச் சொல் இல்லாவிட்டால், இருந்த பட்டியல் முழுவதும் அழிந்து புதிய எண் மட்டும் நிற்கும். உதவியாளர் திரையில் எழுதிய வாக்கியம் ‘சேர்க்கிறேன்’ என்றது. அது ஸ்விட்சுக்கு அனுப்பிய கட்டளையில் ‘ஆட்’ இல்லை. ஸ்விட்சைத் தொலைவிலிருந்து கையாள்வதற்கான விலேனும் அதே டிரங்கில்தான் இருந்தது. ஆகவே செய்த தவற்றைத் திருத்த உதவியாளராலும் மீண்டும் உள்ளே நுழைய முடியவில்லை. பையா கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கு ஓடி, பூட்டிய அறையின் சாவியைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அன்று நள்ளிரவோடு ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தின் கெடு முடிந்தது. அதைத் தவறவிட்டவர்களில் என் அறைத்தோழியும் ஒருத்தி.

இந்த இணைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழி மாதிரி எழுத்தை வாங்கி எழுத்தைத் தருவது. ஸ்விட்சைத் தொடுவதற்கு அதற்குக் கை கிடையாது. அந்தக் கையைக் கொடுப்பது இடையில் நிற்கும் கருவிச் சேவையகம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, சுருக்கமாக எம்.சி.பி., இவ்வகை இணைப்புக்கான பொது நெறிமுறை. 2025-இல் ஓப்பன்ஏஐ, கூகுள் ஆகியவையும் அதை ஏற்றதால் விரைவாகப் பரவியது. சேவையகம் தன்னிடமுள்ள கருவிகளைப் பட்டியலிடும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்பதை இயல்பான மொழியில் சொல்லும் விளக்கம், என்னென்ன உள்ளீடுகளை ஏற்கும் என்ற வரையறை ஆகியவை இருக்கும். மாதிரி அந்த விளக்கத்தைப் படித்து, எந்தக் கருவியை எந்த உள்ளீட்டோடு அழைப்பது என்று முடிவு செய்யும். ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவற்றுக்கான சேவையகம் பெரும்பாலும் எஸ்.எஸ்.எச். வழியாகக் கருவிக்குள் நுழைந்து, கட்டளையை அனுப்பி, வந்த விடையை எழுத்தாகத் திருப்பித் தரும்.

ஆக, மனிதர் சொன்ன ஒரு வாக்கியம் கடைசியில் ஒரு செயலாக முடிகிறது. சொல் எங்கே செயலாகிறது என்பது மொழியியலுக்குப் பழைய கேள்வி. ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் 1962-இல் நூலாக வந்தன. உள்ளதைச் சொல்லும் கூற்று, சொல்வதாலேயே ஒன்றைச் செய்துவிடும் கூற்று என்று தொடக்கத்தில் இரண்டாகப் பிரித்த அவரே, அந்தக் கோடு நிலைக்காது என்ற முடிவுக்கு அந்த உரைகளிலேயே வந்து சேர்ந்தார். தமிழ் மரபும் இதைக் கவனித்திருக்கிறது. நன்னூல் கூறும் ஆறு வகை வினாக்களில் ஒன்று ஏவல் வினா. “சாப்பிட்டாயா?” என்று தாய் கேட்பது பல வேளைகளில் செய்தி அறிவதற்காகக் கேட்பதன்று, சாப்பிடு என்று ஏவுவது. வடிவத்தில் வினா, பயனில் ஏவல்.

பையா கேட்டது எந்த வினா? “140-ஆம் விலேன் போகிறதா?” என்பது அறியாமையால் கேட்ட வினாவா, போகவில்லை என்றால் போகச் செய் என்ற ஏவலா? மனிதர் இருவர் பேசிக்கொண்டால் முகத்தைப் பார்த்து, பழக்கத்தைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். ஐயமிருந்தால் திருப்பிக் கேட்பார்கள். உதவியாளர் அதை ஏவலாக எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் அது பழக்கப்பட்டிருக்கிறது. உதவ வேண்டும் என்பதே அதன் பயிற்சி. அதை நான் குறை கூறவில்லை. ஐயம் இருக்கும் இடத்தில், வினாவையும் ஏவலையும் பிரிக்கும் வேலையை உதவியாளரின் ஊகத்திடம் விட்டுவிடலாமா என்பதே என் கேள்வி.

வலையமைப்புத் துறைக்கு இந்தக் கவலை புதிதன்று. 2002 ஜூனில் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையில், நாள்தோறும் வலையமைப்புகளை நடத்துபவர்கள் தங்கள் தேவைகளைப் பட்டியலிட்டார்கள். கட்டமைப்புத் தரவு, கருவியின் அப்போதைய நிலையைச் சொல்லும் தரவு, புள்ளிவிவரம் ஆகியவை தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்தப் பட்டறைக்குப் பின் உருவான நெட்கான்ஃப் நெறிமுறை 2006-இல் வெளியாகி, 2011-இல் திருத்தம் பெற்றது. அதில் ஓர் அருமையான வசதி உண்டு. மாற்றத்தைத் தற்காலிகமாக நடைமுறைப்படுத்தலாம். குறித்த நேரத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வேறு நேரம் குறிக்காவிட்டால் அந்தக் கெடு 600 நொடிகள். அன்றிரவு அந்த வசதியைப் பயன்படுத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் விடுதிகளுக்கு இணையம் திரும்பியிருக்கும். பையா சாவியைத் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை.

‘பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால் போதுமே’ என்று சிலர் சொல்லக்கூடும். பெரும்பாலும் சரி, ஆனால் பார்ப்பது எது என்பதையும் சொல்லின் வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, தன் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடும் நோக்கத்தோடு கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையே அந்த வலையமைப்பின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. இத்தகைய கட்டளைகளைத் தணிக்கை செய்து தடுக்க வேண்டிய மென்பொருளில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. மதிப்பிடுவது நோக்கம், துண்டிப்பு விளைவு. அங்கே மொழி மாதிரி எதுவும் இல்லை. தேர்ந்த பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே அது நடந்தது.

சிறிய அளவிலும் இதே கதைதான். பல சேவையகங்களில் ‘ஷோ’ என்று தொடங்கும் கட்டளைகளை மட்டும் அனுமதித்துவிட்டு, ‘இது வாசிப்புக்கு மட்டுமான கருவி’ என்று பெயர் வைக்கிறார்கள். ஆனால் சில கட்டளைமொழிகளில் ‘ஷோ’ கட்டளையின் வாலில் ஒரு குழாய்க்குறியைப் போட்டு, வரும் விடை முழுவதையும் வெளியிலுள்ள இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடலாம். கட்டமைப்புக் கோப்பில் கடவுச்சொற்களின் மறைவடிவங்கள் இருக்கும்; அவற்றுள் சில வகைகள் எளிதாக அவிழ்க்கக்கூடியவை. அதுபோலவே, கட்டமைப்பு முறைக்குள் நுழைவதை மட்டும் தடுத்தாலும், அதற்கு வெளியிலிருந்தே தரக்கூடிய ‘கிளியர்’, ‘ரீலோட்’ போன்ற கட்டளைகள் எஞ்சும்; முன்னது ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளை அறுக்கும், பின்னது கருவியையே மறுதொடக்கம் செய்யும். பிழை தேடுவதற்கான ‘டீபக்’ கட்டளையை வரம்பின்றிக் கொடுத்தாலே ஒரு ரவுட்டர் திணறிப்போகும். தடை செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுவது முடியாத வேலை. அனுமதிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதே வழி.

இனி, மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தமிழில் ‘என்று’ என்ற சிறு சொல் உண்டு. “‘கதவைத் திற’ என்று அவன் சொன்னான்” என்ற வாக்கியத்தில் ‘திற’ என்பது ஏவல்தான். ஆனால் கேட்பவர் யாரும் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை. ‘என்று’ அந்த ஏவலைக் கூட்டில் அடைத்துவிடுகிறது. அது இன்னொருவர் கூற்றாகிவிடுகிறது. பிறர் கூற்றையும் நம்மை நோக்கிய கூற்றையும் பிரித்தறியும் இந்தத் திறன் குழந்தைகளுக்கே வந்துவிடும் அளவுக்கு இயல்பானது.

மொழி மாதிரிக்கு இந்தக் கூடு உறுதியானதன்று. பயனர் சொன்னது, சேவையகத்தின் விளக்கம், ஸ்விட்ச் திருப்பித் தந்த எழுத்து ஆகிய மூன்றும் ஒரே எழுத்தோடையில் அதனிடம் வந்து சேர்கின்றன. எது யார் கூற்று என்று குறிகள் இட்டாலும், அவற்றை அது எப்போதும் மதிக்கும் என்ற உறுதி இல்லை. ஒரு ரவுட்டரில் நுழைய முயன்று தோற்பவர் கொடுத்த பயனர்பெயர், அந்த ரவுட்டரின் பதிவேட்டில் பதியும்படி அமைத்திருப்பது வழக்கம். அந்தப் பயனர்பெயர் இடத்தில் ஒருவர் ஏவல் வாக்கியம் ஒன்றை எழுதிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நுழைவு தோல்விதான், ஆனால் வாக்கியம் பதிவேட்டில் தங்கிவிட்டது. மறுநாள் பணியாளர் உதவியாளரிடம், ‘நேற்றைய பதிவேட்டைப் படித்துச் சுருக்கிச் சொல்’ என்கிறார். உதவியாளர் படிக்கிறது. அங்கே காத்திருப்பது, ‘என்று’ இல்லாத ஓர் ஏவல். 2022-இல் சைமன் வில்லிசன் இவ்வகைத் தாக்குதலுக்குச் சூட்டிய ‘பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்’ என்ற பெயர் இன்று நிலைபெற்றுவிட்டது. இதற்கு முழுமையான தடுப்பு இன்னும் இல்லை. வைஃபையில் இணையும் செல்பேசியின் பெயர், ஸ்விட்சின் ஒரு துளைக்கு எழுதிவைத்த குறிப்பு என எவரோ எழுதிய எழுத்து நுழையும் வழிகள் வலையமைப்பில் நிறைய உண்டு.

‘அதற்காகத்தான் மனிதரின் ஒப்புதல் வைத்திருக்கிறோம்’ என்பது வழக்கமான விடை. எம்.சி.பி. வரையறையும், கருவி அழைப்பை மறுக்கும் வாய்ப்புடன் ஒரு மனிதர் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த ‘வேண்டும்’ எத்தகையது? இணையத் தரங்களை எழுதுவோர் 1997 முதல் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ என்ற இரு சொற்களுக்கும் தனித்தனிப் பொருள் வகுத்திருக்கிறார்கள். முன்னது விலக்கே இல்லாத கட்டாயம். பின்னது தக்க காரணம் இருந்தால் விலகிக்கொள்ளத்தக்க பரிந்துரை. தமிழில் இரண்டையும் ‘வேண்டும்’ என்றே சொல்லிவிடுகிறோம். மனித ஒப்புதலைப் பற்றி அந்த வரையறை பயன்படுத்தும் சொல் ‘ஷுட்’. ஒரு கருவி வாசிப்புக்கு மட்டுமானது என்று சேவையகமே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் குறிப்பும் வெறும் குறிப்புதான்; நம்பத்தகுந்த சேவையகத்திலிருந்து வந்தாலன்றி அதை நம்பக் கூடாது என்று அதே வரையறை கட்டாயச் சொல்லிலேயே கூறுகிறது.

ஒப்புதல் கட்டாயமாகவே இருந்தாலும், எதற்கு ஒப்புதல் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பையாவின் திரையில் தெரிந்தது ‘சேர்க்கிறேன்’ என்ற பொழிப்புரை. நடந்தது ‘ஆட்’ இல்லாத மூலக் கட்டளை. அவர் ஒப்புக்கொண்டது பொழிப்புரைக்கு, நிறைவேறியது மூலம். ‘அந்தச் சொல்லை மனிதர்களும் மறக்கிறார்களே’ என்று கணினித் துறை நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். உண்மை, அத்துறையில் அது பெயர்பெற்ற தவறு. ஆனால் தன் கையால் தட்டச்சு செய்து மறந்தவருக்குத் தான் எதைத் தட்டினோம் என்பது தெரியும். அடுத்த நொடியே எங்கே தவறினோம் என்பதும் புரியும். பொழிப்புரைக்குத் தலையாட்டியவருக்கு அந்த அறிவு கிடைப்பதில்லை. அவரிடம் பொறுப்பு மட்டும் வந்து சேர்கிறது.

பொறுப்பு என்று சொன்னேன். அலுவலகத்தின் குறிப்பைப் பையா என்னிடம் காட்டினார். அதன் சாரம் இது: விடுதி ஸ்விட்சின் கட்டமைப்பு தவறுதலாக மாற்றப்பட்டது, சம்பந்தப்பட்ட ஒப்பந்தப் பணியாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. இரண்டும் செயப்பாட்டு வினைகள். மாற்றியது யார்? குறிப்பில் எழுவாய் இல்லை. விளக்கம் கேட்டது யார்? அதுவும் இல்லை. அந்தக் குறிப்பு முழுவதிலும் அடையாளம் தெரியும் ஒரே மனிதர் ஒப்பந்தப் பணியாளர்தான். எந்தக் கட்டளையையும் அனுப்பக்கூடிய ஒற்றைக் கருவியாக அந்தச் சேவையகத்தை அமைத்தவர், அதற்கு முழு அதிகாரமுள்ள கணக்கைக் கொடுத்தவர், சோதனையைத் தனி ஆய்வகத்தில் செய்யாமல் மக்கள் வாழும் விடுதியில் செய்யலாம் என்று முடிவெடுத்தவர் ஆகிய எவரும் அந்த வாக்கியங்களுக்குள் இல்லை. ஸ்விட்சின் பதிவேட்டிலும் இல்லை. ஏனென்றால் உதவியாளர் நுழைந்தது பையாவின் பயனர்பெயரில்தான். இயந்திரம் செய்ததும் மனிதர் செய்ததும் அங்கே ஒரே பெயரில் கிடந்தன.

என்னை வருத்தும் செய்தி இன்னொன்றும் உண்டு. எந்தச் செல்பேசி எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தின் வைஃபையில் இருந்தது என்பது வலையமைப்பின் பதிவேடுகளில் கிடக்கிறது. பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் ஆணையும் கூறுகிறது. இதுவரை அதிலிருந்து ஒரு மாணவியின் நடமாட்டத்தைக் கோத்தெடுக்க வேண்டுமானால், விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்; அவர் ‘எதற்காக?’ என்று கேட்கவும் கூடும். இயல்பு மொழியில் பதில் சொல்லும் உதவியாளர் அந்த உழைப்பை நீக்கிவிடுகிறது. “இரவு 11 மணிக்கு மேல் இந்த மாணவி எங்கே இருந்தாள்?” என்று ஒரு நிர்வாகி கேட்டால், விடை ஒரு வாக்கியத்தில் வந்துவிடும். எங்கள் வளாகத்தில் அப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை. கேட்பது எளிதாகும்போது கேட்கும் ஆசையும் வளரும் என்றே சொல்கிறேன். வாசிப்பு அனுமதி தீங்கற்றது என்று பேசுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எழுதுவதால் இணையம் அறும். வாசிப்பதால் மனிதர் அம்பலமாவார்.

இவ்வளவும் சொன்னதால், இந்த இணைப்பே கூடாது என்பது என் கருத்தென்று எண்ண வேண்டாம். இதே உதவியாளர், அதற்கு முந்தைய வாரம், நூலகத்தில் பல மாதங்களாக மெதுவாக இயங்கிய ஓர் இணைப்பின் பிழை எண்ணிக்கையைப் பார்த்து, கேபிளில்தான் கோளாறு என்று சில நிமிடங்களில் சொன்னதாகப் பையாவே கூறினார். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குச் சில பணியாளர்களே இருக்கும் நம் நிறுவனங்களில், எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்ற வரைபடம்கூட ஒழுங்காக இருப்பதில்லை. எத்தனை கருவிகளில் பழைய டெல்நெட் வாயில் இன்னும் திறந்து கிடக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் படித்துச் சொல்லக்கூடிய துணை வேண்டாம் என்று யார் சொல்வார்? மேலும், ஆங்கிலக் கையேட்டுக்கு அஞ்சும் பணியாளர் தன் மொழியில் கேட்டுத் தன் கருவியைப் புரிந்துகொள்வது, மொழியியல் மாணவியாக எனக்கு மகிழ்ச்சி தரும் காட்சி. பையா அந்தச் சில வாரங்களில் கற்றது ஏராளம்.

ஆகவே என் நிலைப்பாடு இது. பூட்டு சொல்லில் இருக்கக் கூடாது. கருவியில் இருக்க வேண்டும். ‘மாற்றம் எதையும் செய்யாதே’ என்று உதவியாளருக்கு எழுதிவைக்கும் அறிவுரை ஒரு வாக்கியம் மட்டுமே. இன்னொரு வாக்கியம் வந்து அதைக் கடந்துவிடக்கூடும். ஸ்விட்சிலேயே அந்தக் கணக்குக்கு மாற்றும் அதிகாரம் இல்லையென்றால் எந்த வாக்கியத்தாலும் அதைக் கடக்க முடியாது. கட்டளைக்குக் கட்டளை அனுமதி சரிபார்க்கும் ஏற்பாடு இந்தத் துறையில் நெடுங்காலமாகவே இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எந்தக் கட்டளையையும் அனுப்பும் பொதுக்கருவிக்குப் பதிலாக, ஒவ்வொரு வேலைக்கும் குறுகிய கருவி வேண்டும். ‘விலேன் சேர்’ என்று ஒரு கருவி இருந்து, எந்த இணைப்பு, எந்த எண் என்ற இரண்டை மட்டும் அது வாங்கிக்கொண்டால், ‘ஆட்’ என்ற சொல்லைச் சேவையகமே தவறாமல் எழுதும். மாதிரி மறப்பதற்கு அங்கே இடமே இல்லை. மாற்றம் எதுவானாலும், மூலக் கட்டளையும் முன்னும் பின்னுமான நிலையும் ஒப்புதல் கொடுப்பவரின் கண்ணில் பட வேண்டும்; குறித்த நேரத்தில் உறுதி செய்யாவிட்டால் தானே திரும்பிவிட வேண்டும். உதவியாளருக்குத் தனிப் பயனர்பெயர் வேண்டும். பதிவேட்டில் இயந்திரம் இயந்திரமாகவே தெரிய வேண்டும். மனிதரின் நடமாட்டத்தைச் சொல்லும் பதிவுகள் உதவியாளரின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் எழுத்துப்பூர்வமான ஆணையோடு ஒரு மனிதர் எடுத்துத் தரட்டும்.

மொழியியல் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள். வினா எது, ஏவல் எது, பிறர் கூற்று எது, எழுவாய் எங்கே மறைகிறது என்பவை நாம் வகுப்பறையில் கிளைப்படம் வரைந்து பழகிய செய்திகள். இன்று அவை ஒரு விடுதியின் இணையத்தையும் ஒருவரின் பிழைப்பையும் தீர்மானிக்கின்றன. இந்தச் சேவையகங்களை எழுதும் மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். கருவியின் விளக்கத்தை ஐயத்துக்கு இடமின்றி எழுதுவதும், ஐயமான வினா வந்தால் திருப்பிக் கேட்கச் செய்வதும் நாம் உடனிருந்து செய்யத்தக்க வேலைகள். அவர்களோடு உட்கார்ந்து பேச நமக்கு ஏன் தயக்கம்?

பையாவின் கடிதத்தை அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். அதில் செயப்பாட்டு வினை ஒன்றுகூட இல்லை. சேவையகத்தை மையம் அமைத்தது. முழு அதிகாரமுள்ள கணக்கை மையம் கொடுத்தது. உதவியாளர் ‘சேர்க்கிறேன்’ என்று திரையில் எழுதியது. ‘ஆட்’ இல்லாத கட்டளையை ஸ்விட்சுக்கு அனுப்பியது. நான் மூலக் கட்டளையைப் பார்க்காமல் அனுமதித்தேன். நானே கட்டடத்துக்குச் சென்று சரிசெய்தேன். ஆறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுவாய். தன் பங்கை மறைக்க அவர் விரும்பவில்லை. “நான் அனுமதித்ததையும் எழுதுங்கள், மேடம்” என்று அவரே சொன்னார்.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் நெருங்குகிறது. இந்தப் பதிவை வாசிப்பவர்களுள் தங்கள் நிறுவனத்தில் இத்தகைய சோதனைகளை நடத்துபவர்கள் இருந்தால், சேவையகத்தை இயக்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நாளை ஏதேனும் அறுந்துபோனால் எழுதப்போகும் குறிப்பின் எழுவாய்களை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஒப்பந்தப் பணியாளரின் பெயர் மட்டும் இருந்தால், சேவையகத்தை இயக்க வேண்டாம்.

மாற்றுக் கருத்துகளையும் திருத்தங்களையும் வரவேற்கிறேன்.